மருந்துச்சீட்டும் மதிய உணவும்

சென்ற ஆண்டு தீபாவளி விடுமுறைக்கு வீட்டிற்குச் சென்றிருந்தபோது, அம்மா ஒரு பிளாஸ்டிக் பையை மேசைமேல் கவிழ்த்தார். உள்ளே ஐந்து வகை மாத்திரைகள். "நீதான் டாக்டருக்குப் படிக்கிறியே, இதுல எது எதுக்குன்னு பார்த்துச் சொல்லு" என்றார். மூன்று எனக்குத் தெரிந்தவை. இனிப்புநீருக்காக அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டணத்தில் பல ஆண்டுகளாக அவர் வாங்கி வந்தவை அவை. மற்ற இரண்டும் புதியவை. பக்கத்து வீட்டு அத்தை சொன்னாரென்று ஒரு தனியார் நிபுணரைப் பார்க்கப் போயிருக்கிறார். அந்த நிபுணர், கொழுப்புச்சத்துக்கு அம்மா உட்கொண்டு வந்த பழைய மாத்திரையை நிறுத்திவிட்டுப் புதியதொன்றை எழுதிக் கொடுத்திருக்கிறார். இரத்த அழுத்தத்திற்கும் ஒன்று. இரண்டுக்கும் சேர்த்து மாதம் 150 ரிங்கிட்டுக்குமேல் ஆகிறது.

"அவரு நல்ல டாக்டர்தானா?" என்று அம்மா கேட்டார். பிறகு, ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்பவர்போல் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மருந்துக் கம்பெனிக்காரங்க காசு குடுத்து எழுதச் சொல்வாங்களாமே, நெசமா?" என்றார்.

முதல் கேள்விக்குப் பத்து நிமிடத்தில் ஓரளவு விடை கண்டேன். இரண்டாவது கேள்வி என்னைப் பல மாதங்கள் அலைக்கழித்தது. மருத்துவத் துறையில் நான்காம் ஆண்டு பயிலும் எனக்கு இதற்குப் பதில் தெரியாமல் போனது வெட்கமாக இருந்தது. பாட நூல்களிலும் விரிவுரைகளிலும் இதைப் பற்றி நான் பெரிதாகக் கேட்டதில்லை. தேடிப் படித்தவற்றையும், தேடும்போது எனக்கே நேர்ந்தவற்றையும் மற்றத் துறை நண்பர்களுக்கும் புரியும் வகையில் இங்கே எழுதுகிறேன். நாம் அனைவருமே என்றாவது ஒருநாள் நோயாளிகள்தாமே!

சுவரில் தொங்கும் சான்றிதழ்

மருத்துவரின் கல்விப் பின்னணியை அறிவது இன்று கடினமான செயலன்று. மலேசியாவில் மருத்துவராகப் பணியாற்ற, 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின்கீழ் மலேசிய மருத்துவ மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பட்டம் பெற்றவர் முதலில் ஹவுஸ்மேனாகப் பயிற்சி பெறுகிறார். அதன்பிறகே முழுப் பதிவு கிடைக்கும். முழுப் பதிவு பெற்றவரும் ஆண்டுதோறும் பணிச்சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். மன்றத்தின் அகப்பக்கத்தில் மருத்துவரின் பெயரைத் தட்டினால் இவ்விவரங்கள் கிடைத்துவிடும். சிங்கப்பூரிலும் அப்படித்தான். அங்கே சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் பட்டம், பதிவின் வகை, சிறப்புத்துறை, பணியிடம் ஆகியவற்றைப் பார்க்கலாம்.

'நிபுணர்' என்ற சொல்லில் மட்டும் சற்று விழிப்பு வேண்டும். மலேசியாவில் தேசிய நிபுணர் பதிவேடு 2006இல்தான் தொடங்கியது. அப்போது அது சட்டத்தின் கட்டாயமாக இருக்கவில்லை. 2012இல் திருத்தப்பட்ட மருத்துவச் சட்டம் 2017 ஜூலையில் நடப்புக்கு வந்த பிறகே, பதிவு பெறாதவர் தம்மை நிபுணர் என்று அழைத்துக்கொள்ளக்கூடாது என்ற நிலை உறுதியாயிற்று. பெயருக்குப் பின்னால் வரிசையாக நிற்கும் எழுத்துகளைக் கண்டு மலைத்துவிடாதீர்கள். சில எழுத்துகள் பல ஆண்டுப் பயிற்சியையும் கடுமையான தேர்வையும் குறிப்பவை. சில, ஒரு சங்கத்தில் உறுப்பினர் என்பதை மட்டுமே குறிப்பவை. எது எது என்று தெரியாவிட்டால் பதிவேட்டைப் பார்ப்பதே மேல்.

அம்மாவின் மருத்துவர் பெயரையும் தட்டிப் பார்த்தேன். முழுப் பதிவு, நடப்பு ஆண்டுச் சான்றிதழ், நிபுணர் பதிவு, எல்லாம் ஒழுங்காக இருந்தன. அவருடைய பட்டத்தை நான் பெற வேண்டுமானால் இன்னும் பத்தாண்டுகள் உழைக்க வேண்டும். "நல்ல டாக்டர்தாம்மா" என்றேன்.

ஆனால் அந்தப் பதிவேடு ஒருவர் எங்கே படித்தார், என்ன தேர்ச்சி பெற்றார் என்பதோடு நின்றுவிடுகிறது. படித்து முடித்த பிறகு அவருடைய அறைக்கதவைத் தட்டி யார் யார் வந்தார்கள், என்ன கொடுத்தார்கள் என்பதற்கு அதில் கட்டமே இல்லை.

அமெரிக்கா திறந்த கணக்கேடு

அந்தக் கட்டத்தைத் திறந்து வைத்த நாடு அமெரிக்கா. நல்ல மனம் கொண்டு ஒரே நாளில் திறந்ததன்று. அடிமேல் அடி விழுந்த பிறகே திறந்தது.

2007இல் இடுப்பு, முழங்கால் மாற்று மூட்டுகளைத் தயாரிக்கும் நிறுவனங்கள்மீது அமெரிக்க நீதித்துறை குற்றச்சாட்டுகளை எழுப்பியது. ஆலோசனைக் கட்டணம் என்ற பெயரில் அறுவை மருத்துவர்களுக்குப் பணம் கொடுத்துத் தங்கள் மூட்டுகளையே பொருத்த வைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. சிம்மர், டெப்யூ, பயோமெட், ஸ்மித் அண்ட் நெஃப்யூ ஆகிய நான்கு நிறுவனங்களும் சேர்ந்து 31 கோடியே 10 இலட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டன. அதோடு, பணம் பெற்ற மருத்துவர்களின் பெயர்களையும் தொகையையும் தங்கள் அகப்பக்கங்களில் வெளியிட வேண்டும் என்ற நிபந்தனைக்கும் உட்பட்டன. தன் முழங்காலில் இருக்கும் உலோகத்துக்கும் தன் மருத்துவரின் வங்கிக் கணக்குக்கும் தொடர்பு இருக்கலாம் என்பதைப் பல நோயாளிகள் முதன்முறையாகப் படித்தது அப்போதுதான்.

அடுத்த ஆண்டு, 2008இல், செனட்டர் சார்லஸ் கிராஸ்லி பல்கலைக்கழகங்களைத் துருவத் தொடங்கினார். ஹார்வர்டைச் சேர்ந்த புகழ்பெற்ற குழந்தை மனநல மருத்துவர் ஒருவர் 2000 முதல் 2007 வரை மருந்து நிறுவனங்களிடமிருந்து குறைந்தது 16 இலட்சம் டாலர் பெற்றிருந்தார். அதில் பெரும்பகுதியைத் தம் பல்கலைக்கழகத்திடம்கூடத் தெரிவித்திருக்கவில்லை. இவரைப்போல் இன்னும் சிலரும் அகப்பட்டனர். நான் வாசித்தபோது தொகையைவிட ஒன்றுதான் உறுத்தியது. பல்கலைக்கழகம் தன் பேராசிரியர் சொன்னதை அப்படியே நம்பியிருந்தது. சரிபார்க்க அதனிடம் வேறொரு ஏடும் இல்லை.

கிராஸ்லி குடியரசுக் கட்சிக்காரர். அவரோடு கைகோத்த செனட்டர் ஹெர்ப் கோல் ஜனநாயகக் கட்சிக்காரர். எதிரெதிர்க் கட்சிகளைச் சேர்ந்த இருவரும் சேர்ந்து கொண்டுவந்த யோசனை, 2010ஆம் ஆண்டு சுகாதாரச் சட்டத்தின் ஒரு பிரிவாக நிறைவேறியது. வெளிச்சத்தில் வைப்பதே அதன் நோக்கம் என்பதால் அதற்குச் 'சன்ஷைன் சட்டம்' என்று பெயர் வழங்குகிறது. 2013 ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து நிறுவனங்கள் கணக்கு எழுதத் தொடங்கின. 2014 செப்டம்பர் 30இல் 'ஓப்பன் பேமெண்ட்ஸ்' என்ற அந்த ஏடு பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

அந்த ஏட்டின் விதியை நான் இரண்டு முறை படித்தேன். ஒரு முறை தருவது 10 டாலருக்குக் குறைவாக இருந்தால் எழுத வேண்டாம். ஆனால் அப்படிப்பட்ட சிறு தொகைகள் ஆண்டு மொத்தத்தில் 100 டாலரைத் தாண்டினால் அவற்றையும் எழுத வேண்டும். தொடக்க ஆண்டில் இருந்த அளவு அது. விலைவாசிக்கேற்ப ஒவ்வோர் ஆண்டும் சற்றுக் கூடுகிறது. அதாவது, ஒரு நல்ல மதியச் சாப்பாடுகூட ஏட்டில் ஏறிவிடும்! எழுதிய கணக்கு வெளிவருமுன் மருத்துவர் 45 நாள் அதைப் பார்வையிட்டு, தவறென்றால் மறுக்கலாம். முதலில் மருத்துவர்களும் போதனா மருத்துவமனைகளும் மட்டுமே இதில் அடங்கினர். 2021 முதல் திரட்டிய கணக்குகளில், மருந்து எழுதும் உரிமையுள்ள உயர்நிலைத் தாதியரும் மருத்துவ உதவியாளர்களும் சேர்க்கப்பட்டனர். 2023ஆம் ஆண்டுக்கு மட்டும் ஏட்டில் ஏறிய மொத்தத் தொகை 1,200 கோடி டாலருக்கு மேல்.

எல்லாமே ஏறிவிடுவதில்லை. நோயாளிகளுக்குக் கொடுக்கவென்று தரும் மாதிரி மருந்துகள் இதில் சேரா. பயிற்சி நிலையில் உள்ள இளம் மருத்துவர்களுக்குக் கொடுப்பதையும் எழுத வேண்டியதில்லை. பழக்கம் தொடங்குவதே அந்த வயதில்தானே என்று எனக்குத் தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

எல்லாப் பணமும் ஒன்றா?

இந்த ஏட்டைப் பற்றிக் கேள்விப்பட்டதும், பெயருக்கு எதிரே தொகை இருந்தால் அவர் 'காசு வாங்கும் டாக்டர்' என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் ஏட்டில் ஒவ்வொரு தொகைக்கும் அது எதற்கு என்ற குறிப்பும் உண்டு. அதைப் படிக்காமல் தொகையை மட்டும் படிப்பது அநியாயம்.

ஓர் எலும்பு அறுவை மருத்துவர் தாமே ஒரு திருகாணியையோ மூட்டையோ வடிவமைத்திருக்கலாம். அதற்கு அவருக்கு உரிமத்தொகை வரும். அது இலட்சக்கணக்கில் இருக்கலாம். ஆனால் அது அவருடைய கண்டுபிடிப்புக்கான கூலி. (அதே மூட்டை அவரே நமக்குப் பொருத்தும்போது அதை நமக்குச் சொல்ல வேண்டும் என்பது வேறு விஷயம்.) புதிய மருந்தைச் சோதிக்கும் ஆராய்ச்சிக்குப் பணம் வருகிறது. பெரும்பாலும் அது மருத்துவமனையின் கணக்குக்குப் போய்த் தாதியருக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் செலவாகிறது. இப்பணம் இல்லாவிட்டால் பல மருந்துகள் வந்தே இரா. இவற்றை விருந்தோடு சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டக்கூடாது.

உரைக் கட்டணம்தான் என்னைச் சங்கடப்படுத்துகிறது. நிறுவனம் ஒரு மருத்துவரைப் 'பேச்சாளர்' ஆக்கி, மற்ற மருத்துவர்களுக்கு அம்மருந்தைப் பற்றி உரையாற்ற வைத்து, ஒவ்வோர் உரைக்கும் பணம் தருகிறது. நேர்மையாக நடப்பதும் உண்டு. ஆனால் இன்சிஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கதை இதன் அடிமட்டத்தைக் காட்டியது. புற்றுநோயாளிகளின் கடும் வலிக்கென 2012இல் அனுமதி பெற்ற ஃபென்டனில் தெளிப்பு மருந்து ஒன்றை அந்நிறுவனம் விற்றது. அதை அதிகம் எழுதிய மருத்துவர்களுக்கு உரைக் கட்டணம் என்ற பெயரில் பணம் போனது. அந்த உரைகளில் பல, கேட்க ஆளில்லாத வெறும் இரவு விருந்துகள். புற்றுநோயே இல்லாதவர்களுக்கும் அந்த மருந்து எழுதப்பட்டது. நிறுவனர் ஜான் கபூரும் நான்கு அதிகாரிகளும் 2019 மே மாதத்தில் பாஸ்டனில் குற்றவாளிகளெனத் தீர்ப்பளிக்கப்பட்டனர். 2020 ஜனவரியில் கபூருக்கு ஐந்தரை ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

இப்படிப்பட்ட கதைகளைப் படிக்கும்போது நமக்கு ஒருவகை நிம்மதியும் வந்துவிடுகிறது. 'அவர்கள் கெட்டவர்கள், நம் டாக்டர் அப்படியில்லை' என்ற நிம்மதி. அந்த நிம்மதியைக் கெடுத்தது அடுத்து நான் படித்த செய்தி.

ஒரு வேளைச் சாப்பாடு

2016இல் ஜாமா இன்டர்னல் மெடிசின் என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஓப்பன் பேமெண்ட்ஸ் ஏட்டின் முதல் ஐந்து மாதக் கணக்கையும், மூத்த குடிமக்களுக்கான அரசாங்கக் காப்புறுதியின்கீழ் எழுதப்பட்ட மருந்துகளின் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மொத்தம் 2,79,669 மருத்துவர்கள். நான்கு மருந்துகள் தொடர்பாக அவர்களில் சிலர் 63,524 முறை ஏதோ ஒன்றைப் பெற்றிருந்தனர். அதில் 95 விழுக்காடு சாப்பாடு. சராசரி மதிப்பு 20 டாலருக்கும் குறைவு.

ஒரே ஒரு வேளைச் சாப்பாடு பெற்றவர்கள்கூட, எதுவும் பெறாதவர்களைவிட அந்நிறுவனத்தின் மருந்தைக் கூடுதலாக எழுதியிருந்தார்கள். ரோசுவாஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரை, நெபிவொலோல், ஓல்மெசார்ட்டான் என்ற இரு இரத்த அழுத்த மாத்திரைகள், டெஸ்வென்லாஃபாக்சின் என்ற மனச்சோர்வு மாத்திரை ஆகிய நான்கிலும் இதே போக்குதான். சாப்பாட்டின் எண்ணிக்கை கூடக்கூட எழுதுவதும் கூடியது. இந்த நான்குக்கும் அதே குடும்பத்தைச் சேர்ந்த மலிவான மாற்று மருந்துகள் அப்போதே கடையில் இருந்தன.

இதில் ஒரு கண்ணியத்தையும் கவனிக்க வேண்டும். சாப்பாடுதான் காரணம் என்று ஆய்வாளர்கள் அடித்துச் சொல்லவில்லை. ஏற்கெனவே அம்மருந்தில் நாட்டமுள்ளவரே அந்த விருந்துக்குப் போயிருக்கலாம். தொடர்பு வேறு, காரணம் வேறு. புள்ளியியல் வகுப்பில் தூங்காதவர்களுக்கு இது தெரியும்.

ஆனால் இன்னொரு பழைய ஆய்வு இதற்கு ஓரளவு பதில் வைத்திருக்கிறது. ஆர்லோவ்ஸ்கி, வாட்டெஸ்கா என்ற இருவர் 1992இல் வெளியிட்டது. ஒரு மருத்துவமனையிலிருந்து இருபது மருத்துவர்களை இரு நிறுவனங்கள் முழுச்செலவையும் ஏற்று உல்லாச விடுதிகளில் நடந்த கருத்தரங்குகளுக்கு அழைத்துச் சென்றன. போகுமுன் கேட்டபோது, பெரும்பாலோர் இதனால் தாங்கள் மருந்து எழுதுவது மாறப்போவதில்லை என்றே சொன்னார்கள். மருத்துவமனையின் மருந்தகக் கணக்கை முன்னும் பின்னும் பார்த்தபோது, ஒரு மருந்தின் பயன்பாடு மூன்று மடங்குக்கு மேலும், மற்றது ஏறக்குறைய இரண்டரை மடங்காகவும் உயர்ந்திருந்தது. அவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. தங்களைப் பற்றி அவர்களுக்கே தெரியவில்லை, அவ்வளவுதான்.

2001இல் வெளிவந்த இன்னோர் ஆய்வைப் படித்துச் சிரித்துவிட்டேன். பயிற்சி மருத்துவர்களிடம் கேட்டார்கள். நிறுவனங்களின் விளம்பரங்கள் 'என்னைப்' பாதிப்பதில்லை என்றவர்கள் 61 விழுக்காடு. 'மற்ற மருத்துவர்களையும்' பாதிப்பதில்லை என்றவர்கள் 16 விழுக்காடு.

சிரிப்பு நீடிக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து நடந்ததைச் சொல்கிறேன்.

மருத்துவமனையில் மதிய நேர விரிவுரைகள் நடக்கும். சிலவற்றுக்கு ஏதாவதொரு நிறுவனம் சாப்பாடு தரும். பிரியாணிப் பொட்டலம், ஒரு பெட்டிப் பானம். வாசலில் ஒருவர் புன்னகையோடு நின்று கொடுப்பார். காலையிலிருந்து வார்டில் நின்று கால் வலிக்கும் எங்களுக்கு அது தேவாமிர்தம். கையில் 20 ரிங்கிட்டோடு வாரத்தை ஓட்டும் மாணவர்களுக்கு அதன் அருமை தெரியும். நானும் மறுக்காமல் சாப்பிட்டேன். சாப்பிடச் சாப்பிட, அவர் பத்து நிமிடம் திரையில் வரைபடங்களைக் காட்டினார். நான் கவனிக்கவே இல்லை என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வாரம் வார்டில் பேராசிரியர் ஒரு நோயாளியின் கட்டில் அருகே நின்று, இவருக்கு என்ன மருந்து தரலாம் என்று என்னைக் கேட்டார். வாயைத் திறந்தேன். வந்தது வேதிப்பெயர் அன்று, நிறுவனப்பெயர்! பிரியாணிப் பொட்டலத்தின்மேல் ஒட்டியிருந்த அதே பெயர். பேராசிரியர் மூக்குக்கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்து, "அதன் உண்மைப் பெயர் என்ன?" என்றார். எனக்கு நினைவுக்கு வரவில்லை. அந்த நோயாளி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். ஏறக்குறைய அம்மாவின் வயது.

அக்காவின் குறிப்புப் புத்தகம்

என் பெரியம்மா மகள் ஒரு மருந்து நிறுவனத்தில் விற்பனைப் பிரதிநிதி. எட்டு ஆண்டுகளாகக் கிளினிக் கிளினிக்காக ஏறி இறங்குகிறார். எங்கள் உறவுக்குள் முதன்முதலில் சொந்தமாகக் கார் வாங்கிய பெண் அவர்தான். அவரிடம் என் அவமானத்தைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார்.

"டாக்டரை யாராலும் காசு குடுத்து வாங்க முடியாது, தங்கச்சி" என்றார். "நான் வாங்கறது அவரோட அஞ்சு நிமிஷத்தை. வெளியே நாப்பது பேஷண்டு உட்கார்ந்திருக்காங்க. சும்மா போய் நின்னா என்னை யாரு உள்ளே விடுவா? சாப்பாட்டோட போனா உட்காருவாரு. உட்கார்ந்தா கேப்பாரு. கேட்டா ஞாபகம் இருக்கும். அவ்வளவுதான் என் வேலை."

பேனா, மேசைக் கடிகாரம் எல்லாம் கொடுத்த காலம் போய்விட்டது என்றும் வருத்தப்பட்டார். உண்மைதான். அமெரிக்க மருந்து நிறுவனங்களின் சங்கம் 2009 தொடக்கத்திலேயே தன் நடத்தை நெறியில் பேனா, கோப்பை போன்றவற்றை நீக்கியது. அனைத்துலகச் சங்கத்தின் நெறி 2019 முதல் பரிசுகளைத் தடை செய்தது. கருத்தரங்கும் அதன் சாப்பாடும் மட்டும் அளவோடு நிற்கின்றன.

அக்காவை நான் குறை சொல்லவில்லை. புதிய மருந்துகளைப் பற்றிப் பல கிளினிக் மருத்துவர்கள் முதலில் கேள்விப்படுவது அவரைப் போன்றவர்களிடம்தான். தவறாக எதையும் சொல்லிவிடக்கூடாது என்று இரவில் உட்கார்ந்து படிப்பார். ஆனால் பழைய, மலிவான, நன்றாக வேலை செய்யும் மாத்திரைக்காக எந்த அக்காவும் பிரியாணி எடுத்துக்கொண்டு போவதில்லையே! திருக்குறளின் மருந்து அதிகாரம் நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுபவர் என்ற நால்வகையைச் சொல்கிறது. ஐந்தாவதாக ஒருவர் வந்துவிட்டார் என்று நான் சொன்னதற்கு, "அப்ப நானும் குறளுக்குள்ள போயிட்டேனா?" என்று கேட்டுச் சிரித்தார்.

நம் ஊரில்

அமெரிக்க ஏட்டைப்போல், நோயாளி ஒருவர் தம் மருத்துவரின் பெயரைத் தட்டிப் பார்க்கக்கூடிய பொதுக் கணக்கு மலேசியாவிலும் இல்லை, சிங்கப்பூரிலும் இல்லை. நிறுவனங்களின் சங்கங்களுக்கு நடத்தை நெறிகள் உண்டு. மருத்துவ மன்றங்களுக்கு ஒழுக்க நெறிகள் உண்டு. சிங்கப்பூர் மன்றம் 2016இல் திருத்தி 2017 முதல் நடைமுறைப்படுத்திய நெறிநூல், பொருளாதார நலன்கள் மருத்துவரின் முடிவைத் திசைதிருப்பக்கூடாது என்பதைத் தெளிவாகவே பேசுகிறது. ஆனால் இவையெல்லாம் மருத்துவருக்கும் மன்றத்துக்கும் இடையிலானவை. நோயாளியின் கையில் ஏடு ஏதும் இல்லை. இரு நாடுகளிலும் கிளினிக் மருத்துவரே மருந்தையும் விற்பதால், எழுதும் கையும் விற்கும் கையும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஏடு வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அமெரிக்க அனுபவம் அப்படிச் சொல்லவில்லை. 2017இல் வெளியான ஓர் ஆய்வில், கேட்கப்பட்டவர்களில் 65 விழுக்காட்டினர் பணமோ பொருளோ பெற்ற ஒரு மருத்துவரைப் பார்த்திருந்தனர். தங்கள் மருத்துவர் பெற்றாரா இல்லையா என்று தெரிந்தவர்கள் 5 விழுக்காடே. இன்னொரு வேடிக்கை. ஏடு வெளிவந்த பிறகு மருத்துவர்கள்மேல் உள்ள நம்பிக்கை சற்றுக் குறைந்தது என்று 2019இல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. அதுவும், தம் சொந்த மருத்துவர் பணம் பெற்றதாக அறியாதவர்களிடமும் குறைந்ததாம். வெளிச்சம் போட்டால் குப்பையும் தெரியும், குப்பை இல்லாத வீட்டின்மேலும் சந்தேகம் விழும். இருந்தாலும் ஏடு வேண்டும் என்பதே என் கருத்து. ஆய்வாளர்களுக்குக் கணக்குக் கிடைத்ததால்தானே 20 டாலர் சாப்பாட்டைப் பற்றி நாம் இன்று பேசுகிறோம்!

ஏடு வரும்வரை கேட்பது ஒன்றுதான் வழி. மார்ச் மாதம் அம்மாவோடு நானும் அந்த நிபுணரைப் பார்க்கச் சென்றேன். போகும் வழியெல்லாம் அம்மா, "ஏதாச்சும் கேட்டு அவரைக் கோவப்படுத்திடாதே" என்றார்.

அறைக்குள் போனதும் அம்மாவே தம் மலாயில் முந்திக்கொண்டு, இதே வேலையைச் செய்யும் விலை குறைந்த மாத்திரை இருக்கிறதா என்று கேட்டார். மருத்துவர் கொஞ்சமும் முகம் சுளிக்கவில்லை. இருக்கிறது என்றார். பழைய மாத்திரையில் கொழுப்பளவு போதுமான அளவு குறையவில்லை, அதனால்தான் வலுவானதற்கு மாற்றினேன் என்று இரத்தப் பரிசோதனைத் தாளைத் திருப்பிக் காட்டினார். அவர் சொன்னது சரி; நானும் பார்த்தேன். ஆனால் அதே வேதிப்பொருளை வேறு நிறுவனங்கள் செய்து, தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பில் பதிவும் செய்து, கால்வாசி விலைக்கு விற்கின்றன. அதை எழுதித் தந்தார். இரத்த அழுத்த மாத்திரைக்கும் அப்படியே. மாதச் செலவு 150 ரிங்கிட்டிலிருந்து 45க்கு இறங்கியது. இதை முதலிலேயே ஏன் எழுதவில்லை என்ற கேள்வி என் தொண்டையில் நின்றது.

எழும்போது, நான் மருத்துவ மாணவி என்பதைச் சொல்லி, தயங்கித் தயங்கி, அந்தப் பழைய மாத்திரையின் நிறுவனத்திற்காக அவர் உரையாற்றுவதுண்டா என்று கேட்டேன். அம்மா என் கையைக் கிள்ளினார். மருத்துவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, சென்ற ஆண்டு இருமுறை உரையாற்றியதாகவும், வெளிநாட்டுக் கருத்தரங்கு ஒன்றுக்கு அவர்கள் பயணச்சீட்டு எடுத்துத் தந்ததாகவும் சொன்னார். "இதை என்னிடம் கேட்ட முதல் ஆள் நீதான்" என்றார்.

"அதனால் நீங்கள் மருந்து எழுதுவது மாறியிருக்குமா, டாக்டர்?"

"இல்லை என்றுதான் நினைக்கிறேன்" என்றார். அவர் அதை உண்மையாகவே சொன்னார். 61 விழுக்காடு என் நினைவுக்கு வந்தது. பிரியாணிப் பொட்டலமும் நினைவுக்கு வந்தது. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அம்மா இன்றும் அவரிடம்தான் போகிறார். நானும் போகச் சொல்கிறேன், நல்ல மருத்துவர்தான்.

சென்ற மாதம் அக்கா வீட்டிற்கு வந்திருந்தார். அவருடைய குறிப்புப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு மருத்துவரின் பெயருக்குக் கீழும் பிறந்தநாள், பிள்ளைகளின் பெயர், எந்த நாளில் எந்நேரம் ஓய்வாக இருப்பார், காப்பியா தேநீரா என்று பொடி எழுத்தில் எழுதியிருந்தது. கடைசியில் சில பக்கங்கள் காலியாக இருந்தன.

"நீ எப்ப ஹவுஸ்மேன் முடிப்பே?" என்று கேட்டார்.

"இன்னும் நாலு வருஷமாகும், அக்கா."

"சரி, ஒரு பக்கம் விட்டு வைக்கிறேன்" என்று பேனாவை எடுத்தார்.